'ஸ்கேன் 0001' யாருடைய பத்திரம்?

தேனி மாவட்டம் உருவானது 1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள். அதற்கு முன் எழுதிப் பதிவு செய்யப்பட்ட பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். கம்பமும் கூடலூரும் உத்தமபாளையமும் சின்னமனூரும் போடிநாயக்கனூரும் அவற்றில் 'மதுரை மாவட்டம்' என்றே காணப்படும். மலையேறிக் குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வாங்கிய குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. இடுக்கி மாவட்டம் அமைந்தது 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாளில்தான். அதற்கு முந்தைய பத்தாண்டில் எழுதப்பட்ட ஆவணத்தில் அதே தோட்டம் கோட்டயம் மாவட்டத்தில் இருக்கும், எழுத்தோ மலையாளம். நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தப் பழைய தாள்களை இன்று பல இல்லங்களில் பிள்ளைகள் ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய செயல். கறையானிடமிருந்தும் ஓட்டு வீட்டின் ஒழுக்கிலிருந்தும் ஆவணங்கள் தப்பின. ஆனால் கணினித் திரையில் அவை எந்தப் பெயரில் நிற்கின்றன? ஸ்கேன் 0001, ஸ்கேன் 0002, ஸ்கேன் 0003! எண்ணூறு கோப்புகள் இருந்தால் எண்ணூறுக்கும் இதே கதிதான். மரப்பெட்டியில் இருந்தபோது, மேலே செருகிய துண்டுச் சீட்டும் மஞ்சள் துணி முடிச்சும் எது எதுவென்று காட்டிக்கொடுத்தன. கணினிக்குள் போனதும் அந்த அடையாளம் போயிற்று.

இதன் விளைவை எப்போது உணர்கிறோம்? பெரும்பாலும் குடும்பத் தலைவர் மறைந்த பிறகுதான். தாய் இத்தாவில் இருப்பார். வளைகுடாவிலிருந்து மகன் சில நாள் விடுப்பில் வந்திருப்பான். வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, காப்பீடு, பாகப்பிரிவினை என்று ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு தாளைக் கேட்பார்கள். தாள் இருக்கிறது, கணினியில் பத்திரமாகவே இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. அதை எங்கே வைத்தார் என்று சொல்ல வேண்டியவரோ மண்ணறையில். விடுப்பு முடிந்து மகன் விமானம் ஏறிவிடுவான். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க இயலாத தாயும் பெண்மக்களும் தத்தம் மீராஸ் பங்குக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், கோப்புகளுக்குப் பெயரிடும் முறையைப் பற்றியும், பல நூறு கோப்புகளின் பெயர்களை ஒரே நேரத்தில் மாற்றித் தரும் மென்பொருள்களைப் பற்றியும் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாற்றுகிற வேலையை மென்பொருள் நொடியில் முடித்துவிடும். என்ன பெயர் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் வீட்டார்தாம். அம்முடிவுக்கு ஒரே விதி போதும்: மாறாத ஒன்றைப் பெயரில் வையுங்கள்.

மாறாதது எது?

நிலப் பத்திரத்தில் மாவட்டத்தின் பெயர் மாறும் என்பதைக் கண்டோம். உட்பிரிவு செய்யும்போது புல எண்ணும் மாறும். சொத்து கைமாறினால் உரிமையாளர் பெயரும் மாறும். என்றைக்கும் மாறாதவை மூன்று: பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகம், அங்கே அதற்கு இடப்பட்ட ஆவண எண், பதிவான ஆண்டு. வில்லங்கச் சான்று எடுப்பதானாலும், நகல் கேட்பதானாலும் இம்மூன்றும் கையில் இருந்தால் வழி திறக்கும். ஆகவே கோப்பின் பெயரிலும் இம்மூன்றும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, '1987-03-12 கிரயம் உத்தமபாளையம் 412-1987' என்று ஒரு கோப்பு நின்றால், அதைத் திறக்காமலேயே பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு சிறு தடை உண்டு. பத்திரத்தில் 412/1987 என்று சாய்கோடு இட்டே எழுதுவார்கள். புல எண்ணிலும் உட்பிரிவுக்குச் சாய்கோடு வரும். கணினி அதனை ஏற்காது. சாய்கோடு, முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் முதலிய சில குறிகளை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு இட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் சிறுகோடும் மற்றொருவர் புள்ளியும் இட்டால் தேடுதல் தவறும். எல்லாரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும்.

'அத்தா பத்திரம்', 'அம்மா பாஸ்புக்' என்று பெயரிடும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. யாருடைய அத்தா? இன்று மகன் வைத்த பெயர் அது. நாளை பேரன் தேடும்போது அத்தா என்றால் வேறொருவர். உறவு முறை, பார்ப்பவருக்கு ஏற்ப மாறும். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். எனவே வெறும் பெயரும் போதாது. பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து 'இப்ராஹீம் 1938' என்றும் 'இப்ராஹீம் 1991' என்றும் எழுதினால் பாட்டனாரும் பேரனும் கலந்துபோக மாட்டார்கள்.

ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கூட்டல்

முஹம்மது என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிரெழுத்துக்கு 'யு' போடுவோரும் உண்டு, 'ஓ' போடுவோரும் உண்டு. நடுவில் ஓர் 'எம்' போடுவோரும் இரண்டு 'எம்' போடுவோரும் உண்டு. இறுதியில் 'ஈ' போடுவோரும் 'ஏ' போடுவோரும் உண்டு. இரண்டு, இரண்டு, இரண்டாகப் பெருக்கினால் எட்டு. மொய்தீன், ஷாஹுல் ஹமீது போன்ற பெயர்களுக்கும் இப்படிப் பல வடிவங்கள் உண்டு. தலைப்பெழுத்து முன்னே வருவது, பின்னே வருவது, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிவது, 'ராவுத்தர்' சேர்வது, விடுபடுவது எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மனிதருக்கு எத்தனை பெயர்கள்!

ஊர்ப் பெயர்களும் இதற்கு விலக்கல்ல. கம்பம் என்பதை ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 'கே'யில் தொடங்கியும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியாகிச் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் பெயரைத் தமிழிலேயே ராவுத்தர், இராவுத்தர் என்றும், ஹௌதியா, ஹவ்தியா என்றும் எழுதலாம். அங்கே படித்த பிள்ளையின் சான்றிதழை எந்த எழுத்தில் தேடுவது?

இதற்குத் தீர்வு எளிது. கோப்புப் பெயருக்கென்று வீட்டில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆவணத்தின் உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே இருக்கட்டும். அதைக் கோப்பின் பெயர் மாற்றாது, மாற்றவும் கூடாது. உள்ளிருக்கும் எழுத்தையும் ஒரு தாளில் தனியே குறித்து வைப்பது அவசியம். காரணம் உண்டு. இணையத்தில் பெறும் ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், அதிலுள்ள பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. முதல் உயிரெழுத்து 'யு'வா, 'ஓ'வா என்பதை அறியாவிட்டால் சொந்த மகனுக்கே அக்கோப்பு திறக்காது.

ஆண்டை முன்னே எழுதுக

நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுவது நம் வழக்கம். கணினி இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட்டு அடுக்குவதால் 01-12-2019 முதலிலும் 02-01-1985 அதற்குப் பின்னும் வந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று திருப்பி எழுதினால் எல்லாம் தாமாகவே கால வரிசையில் அமையும். இதுவே 1988இல் வெளியான பன்னாட்டுத் தர முறையும் ஆகும். வரிசை எண் இடும்போதும் 1, 2, 10 என்று எழுதாமல் 001, 002, 010 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில கருவிகளில் ஒன்றுக்கு அடுத்தது பத்து ஆகிவிடும்.

நிக்காஹ் பதிவேட்டின் நகலில் ஹிஜ்ரித் தேதியும் இருக்கும். ஹிஜ்ரி 1400 தொடங்கியது 1979 நவம்பரில். ஒரு கோப்பை 1400 என்றும் மற்றொன்றை 1950 என்றும் தொடங்கினால், 1979இன் ஆவணம் 1950இன் ஆவணத்துக்கு முன்னே போய் நிற்கும். வரிசைக்கு ஒரே ஆண்டுமுறையைக் கொள்ளுங்கள். மற்றதைப் பெயரின் இறுதியில் சேருங்கள்.

புகைப்படங்களில் மேலும் ஒரு கவனம் தேவை. டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். அதைப் படித்துப் பெயராக மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன; ஃபில் ஹார்வி என்பவர் உருவாக்கிய எக்ஸிஃப்டூல் அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் பழைய காகிதப் படத்தை ஸ்கேன் செய்திருந்தால், உள்ளே இருப்பது ஸ்கேன் செய்த நாள்தான். கருவியை நம்பி விட்டுவிட்டால் பாட்டனாரின் 1974ஆம் ஆண்டு நிக்காஹ் 2021இல் நடந்ததாக ஆகிவிடும். வாட்ஸ்அப் வழி வந்த படத்தின் பெயரில் இருக்கும் தேதியும் அப்படியே. அது படம் அனுப்பப்பட்ட நாளைக் காட்டுமே அன்றி எடுத்த நாளைக் காட்டாது. படத்தின் உள்ளே இருந்த குறிப்பையும் வாட்ஸ்அப் நீக்கிவிடும். பழைய படத்தின் ஆண்டை அறிந்த கருவி வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: மூத்தவர்களின் நினைவு. அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றித் தரும் கருவிகள்

டாஸ் காலத்துக் கணினிகளில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகளும், புள்ளிக்குப் பின் மூன்று எழுத்துகளுமே இடம். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, அந்த எல்லையை 255 எழுத்துகள் வரை உயர்த்தியது. அன்று முதல், சுருக்கிச் சுருக்கிப் பெயரிட வேண்டிய கட்டாயம் நீங்கியது. ஆயினும் ஸ்கேனரும் கேமராவும் இன்றும் எண்களையே இட்டுக்கொண்டிருக்கின்றன.

விண்டோஸ் கணினியில் வேறெந்த மென்பொருளும் இல்லாமலேயே சிறு மாற்றம் செய்யலாம். வேண்டிய கோப்புகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்தி 'நிக்காஹ் 2016' என்று எழுதினால், எல்லாவற்றுக்கும் அப்பெயர் அமைந்து அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் சேரும். ஆப்பிள் மேக் கணினியில் 2014 முதல், எழுத்தை மாற்றுவது, சேர்ப்பது, எண் வரிசை இடுவது ஆகிய மூன்று வசதிகளும் உள்ளமைந்தே வருகின்றன.

இன்னும் நுட்பமான மாற்றத்துக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் என்னும் கருவி இருக்கிறது. தேட வேண்டிய எழுத்தையும் அதற்குப் பதில் வர வேண்டிய எழுத்தையும் கொடுத்தால், பழைய பெயர் ஒரு பக்கமும் புதிய பெயர் மறுபக்கமுமாக முன்கூட்டியே காட்டும். பார்த்துச் சரியென்றால் மட்டும் ஒப்புதல் அளிக்கலாம். முஹம்மதின் எட்டு எழுத்துக்கூட்டல்களையும் ஒரே கட்டளையில் பிடிக்கும் குறியீட்டு வசதியும் இதில் உண்டு. அது பழகாதவர்கள் எட்டு முறை தனித்தனியே மாற்றினாலும் சில நிமிட வேலைதான். பல்க் ரீநேம் யுடிலிட்டி என்னும் மென்பொருளும் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். கட்டங்கள் நிறைந்த அதன் திரை முதலில் மிரட்டும், பழகினால் கைகொடுக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கேரீநேம் போன்றவை இருக்கின்றன. பெயரிட்ட பின் தேடுவதற்கு, விண்டோஸில் எவ்ரிதிங் என்னும் இலவசக் கருவி மிக விரைவானது. பெயரில் இரண்டு சொற்களை அடித்த மாத்திரத்தில் கோப்பைக் கண்முன் நிறுத்தும். பெயர் ஒழுங்காக இருந்தால்தான் அதன் விரைவும் பயன்படும்.

கைவைக்கும் முன்

ஒரு சொடுக்கில் ஆயிரம் பெயர்களைச் சரிசெய்யும் கருவி, ஒரு சொடுக்கில் ஆயிரம் பெயர்களைக் கெடுக்கவும் வல்லது. எனவே சில எச்சரிக்கைகள்.

முதலாவதாக, மொத்தக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துத் தனியே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவதாக, பத்துக் கோப்புகளில் சோதித்துப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். பிழை நேர்ந்தது உடனே தெரிந்தால், கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தி விண்டோஸில் பழைய பெயர்களை மீட்கலாம். மூன்றாவதாக, பெயரின் இறுதிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை மாற்றாதீர்கள். எந்த மென்பொருளால் திறப்பது என்பதைக் கணினி அதைக்கொண்டே அறிகிறது. நான்காவதாக, இரு கோப்புகளுக்கு ஒரே பெயர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கருவிகள் மறுத்து எச்சரிக்கும்; லினக்ஸின் சில கட்டளைகளோ கேள்வியே கேட்காமல் முந்தைய கோப்பின் மீது எழுதிவிடும். ஐந்தாவதாக, ஆதாரையும் பத்திரத்தையும் முகம் தெரியாத இணையத்தளங்களில் ஏற்றி ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். மேலே சொன்ன கருவிகள் யாவும் வீட்டுக் கணினியிலேயே இயங்குபவை.

தமிழில் பெயரிடலாமா?

தாராளமாக இடலாம். 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் வெகுகாலம் நம்மவர்கள் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வந்ததால்தான், பழைய கோப்புகள் சில இன்று புரியாத குறிகளாகத் தெரிகின்றன. ஒரு நுணுக்கத்தை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். 'மொய்தீன்' என்பதில் உள்ள 'மொ'வை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. விண்டோஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு தேடலில் சிக்காவிட்டால் இக்காரணத்தையும் எண்ணிப் பாருங்கள்.

பெயரை மிக நீட்டவும் வேண்டாம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஒரு பெயருக்கு 255 பைட் என்பது பொதுவான எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'மொய்தீன்' என்னும் ஒரு சொல்லுக்கே 24 பைட் ஆகிவிடும். ஐந்தாறு சொற்களில் முடிப்பது நலம்.

மாறாத பெயரின் அருமைக்குத் தமிழில் ஒரு சான்றும் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் பணியை, சுவிட்சர்லாந்தில் வாழும் அறிஞர் கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்தார். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். முதல் எண் திருக்குறளுக்கு. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பின்னாளில் பழைய எழுத்து முறையிலிருந்து யூனிகோடுக்கு அந்நூல்கள் மாறியபோதும் நூலுக்குரிய எண் மாறவில்லை. எண்ணை அறிந்தவர் இன்றும் அதே நூலைச் சென்றடையலாம்.

ஜமாஅத் அலுவலகத்திலும்

வீட்டுக்குச் சொன்னது பள்ளிவாசல் அலுவலகத்துக்கும் பொருந்தும். வக்ஃபு சொத்துகளின் விவரங்களையும் ஆவணங்களையும் பதிவேற்றுவதற்கான 'உமீத்' என்னும் மத்திய அரசின் இணையத்தளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்டது. ஏற்கெனவே பதிவான சொத்துகளுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. அலமாரியிலும் கணினியிலும் தாள்களைத் தேடித் தொகுப்பது எத்தனை பெரிய வேலை என்பதை முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் நன்கறிவார்கள். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தை ஒப்படைக்கிறோம், கணக்கை ஒப்படைக்கிறோம். பெயரிட்டு ஒழுங்குபடுத்திய கோப்புகளையும், பெயரிட்ட விதியை எழுதிய ஒரு தாளையும் சேர்த்து ஒப்படைப்பதும் அமானிதமே.

அந்தத் தாள் வீட்டிலும் வேண்டும். ஒரு பக்கம் போதும்: தேதி முன்னே, பிறகு யாருடையது, என்ன ஆவணம், எந்த ஊர், என்ன எண், பெயர்களுக்கு நாம் கொண்ட எழுத்துக்கூட்டல், கோப்புகளின் நகல் இருக்கும் இடம். இத்தனையும் எழுதி அசல் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தனியே ஒப்படையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெயரிட்டவர் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றுவிட வேண்டும். துணைவியாரோ மகளோ கணினியின் முன் அமர்ந்து, தோட்டத்தின் கிரயப் பத்திரத்தைத் தாமே தேடி எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கிடைத்துவிட்டால் ஒழுங்கு சரி. கிடைக்கவில்லையென்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போதே அதைத் திருத்திவிடுங்கள்.